குறுவள மையத்தின் பிற்பகலைத் திருப்பித் தாருங்கள்

குறுவள மையக் கூட்டங்களைத் திட்டமிடும் அலுவலர்களுக்கும், அவற்றுக்கான பாடப்பொருளைத் தயாரிக்கும் கருத்தாளர் குழுவினருக்கும்,

மதிப்பிற்குரியீர்,

அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் இடம் குறுவள மையம். இந்தக் கல்வியாண்டின் குறுவள மையக் கூட்டங்களுக்கான நிகழ்ச்சி நிரல் எங்கள் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிற்பகலில் 'வகுப்பறை அனுபவப் பகிர்வு' என்று இதுவரை இருந்த ஒரு மணி நேரம் அதில் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு காணொலியும், இணையவழித் தேர்வும், பின்னூட்டப் படிவமும் வைக்கப்பட்டிருக்கின்றன. நாள் முழுக்க நாங்கள் ஒருவரோடொருவர் பேச இருந்த ஒரே நேரம் அதுதான். அதை எடுத்துவிட்டால் இந்தக் கூட்டத்துக்கு முப்பது பேர் பேருந்து ஏறி வர வேண்டிய காரணமே இல்லை. காணொலியை அவரவர் பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஈடுசெய் விடுப்பு, சனிக்கிழமை வேலைநாள் பற்றிய வழக்கமான வாதங்களுக்குள்ளும் இந்த மடலில் போகவில்லை. கேட்பது ஒன்றுதான்: ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் குறிப்பேடுகளை நடுவில் வைத்து, ஒரே பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, திருத்திக்கொள்ளும் இடமாகக் குறுவள மையம் இருக்க வேண்டும். அதற்கு மாதம் ஒரு பிற்பகல் முழுதாக வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்கிறார்கள். ஒருவரிடம் ஒன்று, இரண்டு, மூன்று; மற்றவரிடம் நான்கும் ஐந்தும். மூன்றாம் வகுப்புக் கழித்தலில் ஒரு சிக்கல் வந்தால் "உங்கள் வகுப்பில் எப்படி?" என்று கேட்க அந்தப் பள்ளியில் இன்னொரு மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கிடையாது. இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் பாதி நாள் எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதிலும் காலை உணவு, மதிய உணவுக் கணக்கிலும் இருப்பார். பெரிய பள்ளியில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் அறை என்று ஒன்று உண்டு. ஈராசிரியர் பள்ளிக்குக் குறுவள மையம்தான் ஆசிரியர் அறை. அந்த அறையின் கதவைத்தான் இந்த நிகழ்ச்சி நிரல் மூடுகிறது.

இப்போது ஒரு கூட்ட நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். 9.30-க்கு வருகைப் பதிவு. முன்தேர்வுக்கான இணைப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும். ஒரே அறையில் முப்பது கைப்பேசிகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கும்போது நெட் நின்றுவிடும். அரைமணி நேரம் அதில் போய்விடும். பிறகு மாநில அளவில் தயாரான காணொலிகள். அவற்றுக்கு நடுவே பயிற்சி நடத்தும் கருத்தாளர் பவர்பாயின்ட் பக்கங்களைப் படித்து விளக்குவார். குழுச் செயல்பாடு என்றால் ஒரு சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒட்டி, நின்று படம் எடுத்துப் பதிவேற்றுவது. உணவு இடைவேளைக்குப் பின் மறுபடி காணொலி, பின்தேர்வு, பின்னூட்டம். 4.30-க்குக் கலைகிறோம். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது எந்தப் பிள்ளையிடம் எதை மாற்றிச் செய்வது என்பதற்கான விடை பெரும்பாலும் நம் கையில் இருப்பதில்லை.

கருத்தாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் எங்களில் ஒருவரே. போன வாரம் மாவட்ட அளவில் இதே பக்கங்களைக் கேட்டு வந்தவர்கள். மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு, அங்கிருந்து எங்களுக்கு என்று பயிற்சி படி இறங்கி வருகிறது. செய்தி இறங்கி வந்துவிடும். அந்தச் செய்தியை உருவாக்கியவர் எந்தப் பிள்ளையின் எந்தத் தவற்றைப் பார்த்து அப்படி யோசித்தார் என்பது மட்டும் முதல் படியிலேயே தங்கிவிடும். எங்கள் வகுப்பில் அதே தவறு வேறு காரணத்தால் வரும்போது கையேட்டில் விடை இருக்காது.

இதை ஒரே ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறோம். 402-இலிருந்து 157-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 245. மூன்றாம், நான்காம் வகுப்புக் குறிப்பேடுகளைப் புரட்டினால் தவறான விடைகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வரும்: 355, 345, 155. மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் விழுகிறது. 'இனமாற்றம் செய்து (நூறைப் பத்துகளாகவும் பத்தை ஒன்றுகளாகவும் உடைத்து) கழித்தல் தெரியவில்லை' என்று ஒரே கட்டத்தில் டிக் செய்துவிடுகிறோம். ஆனால் மூன்று பிள்ளைகளும் மூன்று வேறு இடங்களில் நிற்கிறார்கள்.

355 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2. 0-இலிருந்து 5 போகாது, ஆகவே 5. 'சின்னதிலிருந்து பெரியது போகாது' என்று இரண்டாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைத்தான் அது நம்புகிறது. 345 எழுதிய பிள்ளைக்கு நடுவிலுள்ள பூஜ்ஜியம் 9 ஆகும் என்பது தெரியும். ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. அதனால் 4-ஐ 3 ஆக்கவில்லை. விடையில் சரியாக ஒரு நூறு கூடிவிட்டது. 155 எழுதிய பிள்ளை பூஜ்ஜியத்தைத் தாண்டி நேராக நூறிடம் 'கடன்' வாங்கி, அந்த நூறைப் பத்து ஒன்றுகளாக வைத்துக்கொண்டது. நூறு பத்தாகிவிட்டது, மீதி 90 காணாமல் போனது. 245-இலிருந்து 155-ஐக் கழித்துப் பாருங்கள், அந்த 90 அப்படியே இருக்கும்.

மூவருக்கும் ஒரே மறுபயிற்சித் தாள் கொடுத்தால் யாருக்கும் பயன் இல்லை. முதல் பிள்ளை 63−28 போன்ற இரண்டிலக்கக் கணக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். மற்ற இருவருக்கும் காகிதப் பணம் போதும்: நான்கு 100 ரூபாய்த் தாள், இரண்டு 1 ரூபாய். '157 ரூபாய் கொடு' என்று கேட்டால் நூறை உடைத்துப் பத்து 10 ரூபாய்த் தாள்களாக்க வேண்டும். அதில் ஒன்றை உடைத்துப் பத்து 1 ரூபாயாக்க வேண்டும். கையில் இப்போது 300, 90, 12. ஒவ்வொரு முறை தாளை மாற்றும்போதும் அதே நொடியில் குறிப்பேட்டிலும் எண்ணை மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். பணத்தோடு விளையாடி முடித்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று விட்டால், விளையாட்டு ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமும் நின்றுவிடும். பெரும்பாலான வகுப்புகளில் கற்றல் கருவி தோற்பது இந்த இடத்தில்தான். கருவி இல்லாததால் தோற்பதில்லை.

இந்த மூன்று எண்களையும் தனியாக உட்கார்ந்து பிரித்தறிவது கடினம். ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தால் 155 ஒரே ஒருமுறைதான் வரும். கவனக்குறைவு என்று தள்ளிவிடுவோம். எட்டுப் பள்ளிக் குறிப்பேடுகளை ஒரே மேசையில் பரப்பினால் அதே 155 ஆறு இடத்தில் கண்ணில் படும். அப்போதுதான் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருப்பது புலப்படும். இந்த ஒரு காரியத்தை எந்தக் காணொலியாலும் செய்ய முடியாது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரின் கைப்பையில் இருக்கும் குறிப்பேடுகளால்தான் முடியும்.

தமிழிலும் இதே கதைதான். 'கொக்கு' என்று சொல்வதெழுதுதல் கொடுங்கள். 'கெக்கு' என்று எழுதும் பிள்ளை உண்டு, 'கோக்கு' என்று எழுதும் பிள்ளை உண்டு, 'கொகு' என்று எழுதும் பிள்ளையும் உண்டு. முதல் பிள்ளை ஒற்றைக்கொம்பைப் போட்டு எழுத்தையும் போட்டுத் துணைக்காலை விட்டுவிட்டது. எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வரும் என்பதில் அதன் கண் இன்னும் பழகவில்லை. இரண்டாம் பிள்ளைக்குக் கண் சரி. குறிலும் நெடிலும் காதில் பிரியவில்லை. மூன்றாம் பிள்ளைக்கு நடுவில் நிற்கும் மெய்யொலி கேட்கவே இல்லை. ஒன்று கண்ணுக்கான பயிற்சி, மற்ற இரண்டும் காதுக்கானவை. 'கௌதாரி' என்பதைக் 'கெளதாரி' என்று ளகரத்தோடு படிக்கும் பிள்ளையைத் திட்டவே கூடாது. அந்தக் குறி ளகரம் போலவே இருக்கிறது, அது தன் கண்ணை நம்பிப் படிக்கிறது.

சொல்வதெழுதுதலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் 'கொ... க்கு' என்று இழுத்துச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 'கோக்கு' எழுதுவார்கள். தவறு நம் வாயில்தான். ஒரே சொற்பட்டியலை இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் முன் ஒருவர் படித்துக் காட்டினாலே இது தெரிந்துவிடும். தனியாக இருக்கும் ஆசிரியருக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

இவையெல்லாம் புதுக் கருத்துகள் அல்ல. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவானபோதே செயலாராய்ச்சி, அதாவது வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து தீர்த்துப் பார்ப்பது, அவற்றின் வேலைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது வட்டார வள மையம், குறுவள மையம் என்ற அமைப்புகள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆசிரியர்கள் கூடிப் பேசுவதற்காக வந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கம் அதைத் தொடர்ந்தது. 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடர்கிறது. 'வள மையம்' என்ற பெயரிலேயே பொருள் இருக்கிறது: வளம் அங்கே கூடும் ஆசிரியர்களிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வைத்த பெயர் அது.

பிள்ளைகள் அட்டைகளை வரிசையாகச் செய்து தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலை எண்ணிப் பாருங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் அது தொடங்கியபோது, ஆசிரியர்கள் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலிக்குப் போய் அங்குள்ள பல்வகுப்புப் பள்ளிகளைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து தமிழுக்கும் நம் பாடத்திட்டத்துக்கும் ஏற்ற அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுக்க அது விரிந்தபோது அட்டைகள் அச்சாகிப் பெட்டியில் வந்தன. அட்டையை எழுதியவருக்கு எந்த அட்டை ஏன் எதற்கு அடுத்து வருகிறது என்பது தெரியும். பெட்டியைப் பிரித்தவருக்கு வரிசை எண் மட்டும் தெரியும். ஓர் அட்டையில் பிள்ளைகள் கூட்டமாகத் தேங்கி நின்றபோது அதை மாற்றி எழுத முன்னவருக்குத் துணிவு இருந்தது. பின்னவருக்கு அனுமதி இல்லை. இரண்டு இடத்திலும் அட்டை ஒன்றுதான்.

இன்று அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். 2022-23-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோது வந்த ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் உழைத்துச் செய்யப்பட்டவை; அதை மனதாரச் சொல்கிறோம். ஆனால் மொட்டு நிலையில் இருக்கும் பிள்ளை மலர் நிலைக்கு ஏன் நகரவில்லை என்பதற்கு, மதிப்பீட்டைப் பதியும் செயலியில் கட்டம் கிடையாது. அந்தக் காரணம் குறிப்பேட்டில் இருக்கிறது.

சேர்ந்து கற்பது என்றால் சும்மா கூடிப் பேசுவது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பழைய அனுபவப் பகிர்வு நேரத்தைக்கூட நாங்கள் புனிதமாக்கவில்லை. அதிலும் ஒருவர் எழுந்து தன் பள்ளிச் சாதனைகளைச் சொல்வார், கைதட்டுவோம், முடிந்துவிடும். அதை எடுத்துவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எடுப்பதற்குப் பதில் ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். ஜப்பானில் மெய்ஜி காலத்திலிருந்தே தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 'ஜுகியோ கென்கியூ' என்ற பாட ஆய்வு முறையைச் செய்து வருகிறார்கள். ஒரு குழு ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடும், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு பேசித் திருத்துவார்கள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. அங்கே பள்ளிக்குள்ளேயே அதற்கு ஆள் இருக்கிறார்கள். நம் குறுவள மையத்துக்கு ஏற்றபடி எப்படிச் செய்யலாம் என்பதை விளக்கமாக எழுதுகிறோம். நடைமுறையில் வராது என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நுணுக்கம்.

ஒரு குழுவில் 6 முதல் 8 பேர். பத்துப் பேரைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைப்பேசி பார்ப்பார்கள். ஒரே வகுப்பு அல்லது ஒரே பாடம் கையாள்பவர்கள் ஒரு குழு. ஒரு சுற்றுக்கு மூன்று மாதம், ஒரே தலைப்பு. தலைப்பு சிறியதாக இருக்க வேண்டும். 'வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' என்று வைத்தால் எங்கும் போகாது; 'ஒகர, ஓகார வரிசையைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் குழப்பம்' என்று வைத்தால் வேலை நடக்கும். ஆண்டுக்கு இரண்டு சுற்று போதும். ஆசிரியர்களின் இடமாறுதல் கலந்தாய்வு முடிந்தபின் ஜூலையில் ஒன்று தொடங்கி செப்டம்பரில் முடியட்டும். நவம்பரில் தொடங்கி ஜனவரியில் மற்றொன்று முடியட்டும். கலந்தாய்வுக்கு முன் தொடங்கினால் குழு பாதியில் கலையும்.

முதல் மாதக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் குழுவிலுள்ள எல்லாப் பள்ளிகளும் ஒரே கேள்வித்தாளைக் கொடுக்க வேண்டும். கழித்தலுக்கு நான்கே கணக்கு போதும்: 58−23, 63−28, 340−126, 402−157. இனமாற்றம் இல்லாதது, ஒருமுறை உள்ளது, ஒன்றாம் இலக்கத்தில் பூஜ்ஜியம் உள்ளது, நடுவில் பூஜ்ஜியம் உள்ளது என்று படிப்படியாக ஏறும்; பிள்ளை எந்தப் படியில் வழுக்குகிறது என்பது தெரிந்துவிடும். எல்லாப் பள்ளியிலும் மேலும் கீழுமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பள்ளியில் பக்கவாட்டில் கொடுத்தால் இலக்கம் தவறி அடுக்குவதும் கழித்தல் தவறும் ஒன்றாகக் கலந்துவிடும். வழியெழுதியதை அழிக்க விடாதீர்கள். ரப்பரை ஒதுக்கிவைத்துவிட்டு, அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அழித்த இடத்தில்தான் யோசனை இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு மூன்றாவது பெயருக்கும் உரிய பிள்ளையின் குறிப்பேட்டை எடுத்துக் கொண்டுவர வேண்டும். விட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் குறிப்பேட்டைத்தான் எடுத்து வருவோம். எல்லோருக்கும் அந்த ஆசை உண்டு.

கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் குறிப்பேடுகளைப் பிரித்து அடுக்க வேண்டும்: ஒரே மாதிரி தவறு ஒரே அடுக்கில். அதன்பின் நாற்பது நிமிடம் ஒவ்வோர் அடுக்குக்கும் 'இந்தப் பிள்ளை என்ன நினைத்து இதை எழுதியது?' என்ற ஒரே கேள்வி. 'பெற்றோர் கவனிப்பதில்லை', 'பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை' என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வரும். உண்மையாகவே இருந்தாலும் 355-க்கு அது விடை ஆகாது. குழுத் தலைவர் பேச்சை மறுபடி குறிப்பேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மீதி ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு 40 நிமிட வகுப்பைச் சேர்ந்து எழுத வேண்டும். என்ன கேட்போம், எந்தக் கருவி, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று நினைக்கிறோம், தவறான பதில் வந்தால் அடுத்து என்ன கேட்போம் என்பது வரை.

அடுத்த கூட்டத்துக்குள் ஒருவர் அந்த வகுப்பை நடத்துவார். மூவர் போய்ப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, மணி போட்டு எழுத வேண்டும்: 11.12-க்கு நூறை உடைத்தாள், 11.14-க்குக் குறிப்பேட்டில் எதையும் மாற்றவில்லை, 11.15-க்குப் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்தாள். பிள்ளைக்கு உதவக் கூடாது; உதவினால் பார்த்தது உங்கள் கற்பித்தலைத்தான். ஆசிரியரின் குரல், கரும்பலகைக் கையெழுத்து, வகுப்புக் கட்டுப்பாடு எதையும் எழுதக் கூடாது. மூவரால் போக முடியாவிட்டால் குரல் பதிவும் கரும்பலகைப் படமும் பிள்ளைகளின் தாள்களும் போதும். பிள்ளைகளின் முகம் படத்தில் வர வேண்டியதில்லை. எதையும் எங்கும் பதிவேற்ற வேண்டியதுமில்லை.

இரண்டாம் கூட்டத்தில் நடத்தியவர் முதலில் பேசுவார். பார்த்தவர்கள் தாங்கள் எழுதியதைப் படிப்பார்கள். தலைமையாசிரியரும், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரும் கடைசியாகப் பேச வேண்டும். இந்த வரிசை மாறினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். பெரியவர் ஒரு கருத்தைச் சொன்னபின் இளைய ஆசிரியர் அதற்கு மாறாகத் தான் பார்த்ததைச் சொல்ல மாட்டார். திருத்திய பாடத்தை மூன்றாம் மாதத்துக்குள் குழுவில் எல்லோரும் தங்கள் வகுப்பில் நடத்தி, அதே நான்கு கணக்குகளை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, குறிப்பேடுகளோடு வர வேண்டும்.

இது கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லிவிடுகிறோம். பார்க்க ஆள் வருகிறார்கள் என்றதும் வகுப்பை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது. கேள்வி முடியும் முன்பே பிள்ளைகள் விடை சொல்வார்கள், அந்த நாள் வீண். தெர்மோகோலும் வண்ணத்தாளும் வெட்டி மாதிரி வகுப்பு ஆக்குவது. எல்லாவற்றையும்விட மோசமானது, பார்வைக் குறிப்பை ஆசிரியரின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவது. தன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 355 எழுதுகிறார்கள் என்று சொல்பவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வருமென்றால், அடுத்த மாதம் அவர் சரியான விடை உள்ள குறிப்பேடுகளை மட்டுமே கொண்டுவருவார். அவர் மட்டுமல்ல, எல்லோரும்.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் இன்னொரு பள்ளிக்குப் போய் வகுப்பு பார்த்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு வழி ஆசிரியர் பயிற்றுநர்கள். அவர்கள் பட்டதாரி ஆசிரியர் தகுதியோடு வந்தவர்கள், வகுப்பெடுக்கத் தெரிந்தவர்கள். இன்று அவர்களின் நேரம் பெரும்பாலும் புள்ளிவிவரம் திரட்டுவதிலும் பதிவேற்றம் நடந்ததா என்று தொலைபேசியில் கேட்பதிலும் போகிறது. நாங்கள் சொல்லும் முறையில் ஒரு சுற்றுக்கு ஒரு குழுவுக்கு அரைநாள்தான் வகுப்பு பார்ப்பது நடக்கும். போகும் மூவரில் ஈராசிரியர் பள்ளிக்காரர் ஒருவர் அல்லது இருவர். அந்த அரைநாள் அந்தப் பள்ளிகளில் பயிற்றுநர் வகுப்பெடுத்தால் போதும். அவர்களுக்கும் அது நல்லது. பிள்ளைகளின் முன் நின்று நாளானவர்கள் அடுத்தவருக்குப் பயிற்சி சொல்வது கடினம் என்பதை அவர்களே எங்களிடம் சொல்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால் கேள்வித்தாள் நகல், காகிதப் பணம், ஒரு நாள் பேருந்துக் கட்டணம் அவ்வளவே. இப்போது கூட்டத்துக்கு வாங்கும் சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா, ஃபிளெக்ஸ் செலவுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

வரவிருக்கும் கூட்டத்திலிருந்தே பிற்பகல் 1.30 முதல் 4.00 மணி வரை, இரண்டரை மணி நேரத்தை, மேலே சொன்ன குறிப்பேட்டு ஆய்வுக்கும் பாடத் திட்டமிடலுக்கும் ஒதுக்கித் திருத்திய நிகழ்ச்சி நிரலை வெளியிடுங்கள். அந்த நேரத்தில் காணொலி, தேர்வு, பதிவேற்றம் எதுவும் வேண்டாம். காணொலிகளைக் கூட்டத்துக்கு முந்தைய வாரமே அனுப்பிவிடுங்கள். பார்த்துவிட்டு வருகிறோம், அதில் எழும் ஐயங்களை முற்பகலில் கருத்தாளரிடம் கேட்கிறோம். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டில் ஒன்றையாவது கைவிடுங்கள்.

சுற்றின் தலைப்பை அந்தந்தக் குழுவே முடிவு செய்யட்டும். மாநிலம் முழுதும் ஒரே மாதத்தில் ஒரே தலைப்பு என்று அறிவிக்க வேண்டாம். கடலோரப் பள்ளியின் பிள்ளைகளும் மலைப்பள்ளியின் பிள்ளைகளும் ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் தடுமாறுவதில்லை.

வகுப்பு பார்க்கப் போகும் ஈராசிரியர் பள்ளி ஆசிரியருக்கு மாற்றாக ஆசிரியர் பயிற்றுநர் வகுப்பெடுக்க வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அந்த நாளில் அவசரப் புள்ளிவிவரம் ஒன்று வந்துவிடும். அந்த அரைநாளைப் பணிநாளாகவே கணக்கிடுங்கள்.

குறிப்பேடுகளும் பார்வைக் குறிப்புகளும் குழுவுக்குள்ளேயே இருக்கும், எந்த ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்கும் எந்தப் பள்ளியின் தரவரிசைக்கும் பயன்படாது என்று ஒரு வரியை அந்த ஆணையிலேயே சேருங்கள். எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி தேவை.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பக்கம் எழுதி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்பும்: எந்தத் தவறு, எத்தனை பிள்ளைகளிடம், எதைச் செய்தோம், பிறகு எத்தனை பேரிடம் அது மீதம், கையேட்டின் எந்தச் செயல்பாட்டை எப்படி மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்துக்கு 30 நாட்களுக்குள் பதில் வேண்டும். கையேட்டின் அடுத்த பதிப்பைத் திருத்த உட்காரும் குழுவின் மேசையில் அந்தப் பக்கங்கள் இருக்க வேண்டும். கீழிருந்து மேலே போக இதுவரை ஒரு படியும் இல்லை. இதை முதல் படியாக வையுங்கள்.

எல்லாக் குறுவள மையங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கத் தயக்கம் இருந்தால், விரும்பி முன்வரும் மையங்களுக்கு மட்டும் இந்த ஆண்டு இரண்டு சுற்றுக்கு அனுமதி கொடுங்கள். எங்கள் மையம் முன்வருகிறது. மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு ஒரு குழுவும், ஒகர ஓகார வரிசைக்கு ஒரு குழுவும், ஆறாம் வகுப்புப் பின்னங்களுக்கு ஒரு குழுவும் பெயர் கொடுத்திருக்கிறோம். கேள்வித்தாள்கள் தயார். அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன் உங்கள் பதில் வந்தால், அந்த வாரமே பிள்ளைகளிடம் அவற்றைக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு குறுவள மையத்தின் இடைநிலை, பட்டதாரி ஆசிரியர்கள்